கலியாணத்துக்கு முந்திய பெயர்

காலை ஆறு மணி நாற்பது. குசினிக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது மனைவியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு. மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் விழுந்த கோடு, திரையில் இருந்த ஒரு வரி. நீங்கள் அளித்த விடை பொருந்தவில்லை, இன்னும் ஒரு முயற்சி மீதம் உள்ளது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

"எத்தனை மணிக்கு எழும்பினனீர்?"

"நித்திரை கொண்டால்தானே எழும்புறதுக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறு மத்தியானம் கெல்லிவில்லில் இருந்து மகன் வருவதாக இருந்தது. சாப்பிட வருகிறவன் இந்த முறை ஒரு படிவமும் கொண்டுவருவான். அவளுடைய வங்கிக் கணக்கை அவளுக்குப் பதிலாக அவன் இயக்குவதற்கான அதிகாரப் படிவம். அதில் கையெழுத்துப் போடாமல் தப்புவதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி, அவன் வருவதற்கு முன் தன் கணக்குக்குள் தானே திரும்பிப் போய்விடுவது. வெளியில் பூட்டப்பட்டு அன்றுடன் இரண்டு வாரம்.

பூட்டப்பட்ட விதம் சிக்கலானதல்ல. ஒரு நாள் அவளுடைய கைபேசிக்குச் செய்தி வந்தது. சுங்கச் சாலையில் போனதற்குக் காசு கட்டப்படவில்லை, இன்றே கட்டாவிட்டால் தண்டம். நான்கு டொலர் எண்பது சதம். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. நான் ஓடிவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்து, எனக்குச் சொல்லாமலே கட்டிவிடுவோம் என்று அட்டை எண்ணைப் பதிந்திருக்கிறாள். செய்தி பொய். பத்து நிமிடத்துக்குள் வங்கியின் கணினி எதையோ மோப்பம் பிடித்து அட்டையை நிறுத்தியது. ஒரு சதமும் போகவில்லை. அந்த வேகத்தில் எந்த எழுதுவினைஞரும் விழித்திருக்க மாட்டார் என்பதை இங்கே பதிந்துவிட வேண்டும்.

ஆனால் அட்டையோடு பழைய கடவுச்சொல்லும் செத்துப்போயிற்று. புதிதாக ஒன்று வைப்பதற்குக் கணக்குத் தொடங்கிய நாளில் கொடுத்த இரகசிய விடையைக் கேட்டது. கேள்வி, தாயாரின் மெய்டன் நேம் என்ன?

கணக்குத் தொடங்கியது பதினைந்து வருடத்துக்கு முன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் அவள் வேலை செய்த காலம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் இருந்த கிளைக்கு ஓடிப்போய், தலைமுடியை மூடும் வலையோடு ஒரு கணினியின் முன் நின்று எதையோ தட்டிவிட்டு வந்தாள். என்ன தட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு கணக்குகள். வீட்டுக்கடனும் மாநகரசபை வரியும் என்னுடையதில் போகும். மின்சாரம், தண்ணீர், காஸ், தொலைபேசி நான்கும் அவளுடையது. அதற்கு மேல் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வவுனியாவில் இருக்கும் தங்கைக்கு ஒரு தொகை அனுப்புவாள். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளா என்றும் தெரியாது. மகன் ஒருமுறை சாப்பாட்டு மேசையில், "சித்தி இன்னும் காசு கேக்கிறாவோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் எழும்பிப் போய் றைஸ் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை. கணக்கு அவன் கைக்குப் போனால் அந்த முதலாம் திகதிப் பதிவும் அவன் கண்ணில் படும்.

இணைய வங்கியைப் பற்றி அவளுக்கு முன்பு ஒரு குறையும் இருந்ததில்லை. அதற்கு முந்திய காலத்தில் ஓய்வு நாளில் தபாற்கந்தோரில் வரிசையில் நின்று பில்களைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பில்லோடு சேர்த்துக் குத்தி, பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைப்பாள். கைபேசியில் கட்டப் பழகிய முதல் நாள், ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபடியே தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டிவிட்டு எனக்கு அழைத்தாள். "கட்டியாச்சு. பஸ் இன்னும் வரேல்லை." தங்கைக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் அங்கிருந்து குரற்செய்தி வரும். "வந்திட்டுது அக்கா." அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்காகவே முதலாம் திகதியில் கைபேசியை நைற்றியின் பையில் போட்டுக்கொண்டு திரிவாள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மூன்று முறை விடை பிழைத்தால் இருபத்துநான்கு மணி நேரம் பூட்டிவிடும். இரண்டை அவள் முடித்திருந்தாள்.

"என்ன போட்டுப் பாத்தனீர்?"

"அம்மப்பாவின்ர பேர். இரண்டு விதமா."

அது சரியான யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும், பெண்ணுக்குக் கலியாணம் ஆனால் முன்னால் நிற்கிற ஆள் மாறுவார். இந்த நாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட முடியாது என்பதால் என்னுடைய சொந்தப் பெயரைப் போட்டோம். வந்த புதிதில் மருத்துவரின் அறையில் 'மிஸிஸ்' போட்டு என் பெயரைக் கூப்பிட்டால் அவள் அசையமாட்டாள். "உங்கட பேரைக் கூப்பிட்டா நான் ஏன் எழும்பவேணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். மெய்டன் நேம் என்று இவர்கள் கேட்பது கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரை; அந்தக் கணக்குப்படி தாயின் மெய்டன் நேம் என்றால் தாயின் தகப்பனுடைய பெயர். இங்கே எல்லாத் தமிழரும் அப்படித்தான் நிரப்புகிறார்கள்.

அவளுடைய அம்மப்பாவின் பெயரில் ஒரு 'ஞா' உண்டு, ஒரு 'த்த' உண்டு, கடைசியில் ஒரு 'ர்' உண்டு. 'ஞா'வை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். நான் இருபது வருடம் செய்தித்தாளில் வேலை செய்தவன். நீதிமன்றச் செய்திகளில் வரும் பெயர்களை ஒரே விதமாக எழுதுவதற்கு என் மேசைக்கு மேல் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து, வரக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தது. மிஞ்சியிருந்த ஒரு முயற்சியில் முதலாவதைப் போட்டோம். பூட்டிக்கொண்டது.

புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை மூன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போட்டேன். வியாழக்கிழமை கடைசிக் கோடு போட்டபோது அவள் பேனையை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தாள்.

"காணும். நீங்கள் பேப்பர் திருத்திற மாதிரித் திருத்துறியள். இது என்ர பேங்க்."

அன்று மத்தியானம் வங்கிக்கு அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று சில சொற்களில் சொல்லுங்கள் என்றது இயந்திரம்.

"ஐ ஆம் லொக்ட் அவுட்."

வீட்டுக்கடன் பற்றி அழைக்கிறீர்கள், சரியா என்றது.

"நோ. லொக்ட். லொக்ட் அவுட்."

நன்றி, வீட்டுக்கடன் பகுதிக்கு இணைக்கிறோம் என்றது.

"பாத்தீங்களே! வீடு வாங்கச் சொல்லுது." அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு. பிறகு முப்பத்தெட்டு நிமிடம் பியானோ வாசித்தது. அதன் பின் ஒரு பெண் வந்து, கணக்கில் முதற்பெயராக இருந்த பெயரைச் சொல்லி, அவருடன்தான் பேசவேண்டும் என்றாள். அது என் மாமனாரின் பெயர். அவர் இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. பழைய கடவுச்சீட்டில் இருந்த ஒழுங்கில் கணக்கைத் தொடங்கியதால் வங்கிக்கு அவர்தான் வாடிக்கையாளர், அவள் நடுப்பெயர். வருடா வருடம் அவருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்தும் வரும். அந்த வாடிக்கையாளர் தான்தான் என்று மனைவி எப்படியோ விளக்கிய பிறகு, தொலைபேசியில் எதுவும் செய்ய முடியாது, அடையாளத்தோடு கிளைக்கு வாருங்கள் என்று சொன்னாள்.

அழைப்பை வைத்ததும் மின்னஞ்சல் ஒன்று வந்து விழுந்தது. காஸ் கட்டணம் தவணை கடந்துவிட்டது என்று செம்மஞ்சள் நிறக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள்.

"என்ரதில இருந்து கட்டிவிடுறன். ஒரு நிமிச வேலை," என்றேன்.

"வேண்டாம்."

"நினைவூட்டல் வந்திட்டுது."

"நீங்கள் கட்டினா, என்னால ஏலாதெண்டு மகன் சொல்லுறது சரியெண்டு ஆயிடும்."

நான் வற்புறுத்தவில்லை. அவள் மின்னஞ்சலை மூடிவிட்டு, முகம் கழுவி, மாலை நாலரை மணிக்கே படுத்துவிட்டாள்.

வெஸ்ட்மீட் ஸ்டேஷன் பக்கம் இருந்த கிளை மூடி நாலு வருடம். அந்த இடத்தில் இப்போது பழத் தேநீருக்குள் ஜவ்வரிசி உருண்டை போட்டு விற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரயில் ஏறிப் பரமட்டாவுக்குப் போனோம். கிளையின் வாசலில் கையில் பலகை போன்ற கணினியோடு ஒருவர் நின்றார். முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். கைபேசியிலேயே செய்திருக்கலாமே என்றார். அவள் கைபேசியைத் தூக்கிக் காட்டி, அதற்குள் போக முடியாததால்தான் வந்திருக்கிறோம் என்றாள். மேசைகள் எதுவும் இல்லாத மண்டபத்தில் உயரமான ஸ்டூல்கள் இருந்தன. அவளுடைய கால் நிலத்தில் முட்டவில்லை. ஐம்பது நிமிடம் காத்திருந்தோம்.

பதினொன்று முப்பதுக்கு எங்களைக் கூப்பிட்ட அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். புகைப்பட அட்டையை வாங்கிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். அட்டையில் அவளுடைய பெயரும் என் பெயரும்தான் இருந்தன. மாமனார் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டப் பெயர் பற்றிய அத்தாட்சி வேண்டும், அல்லது இரகசிய விடை வேண்டும் என்றார். மனைவி கைபேசியைப் பார்த்து மெல்லிய குரலில், "சனியன்," என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஆன்ட்டி, தமிழா நீங்க?"

"ஓம். உங்களைச் சொல்லேல்லை. போனைச் சொன்னனான்."

"பரவால்ல, நானே இத தினம் பத்து தடவ சொல்றேன்." அவர் சேலம் பக்கம் என்று பிறகு சொன்னார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, ரொம்ப சிம்பிள் கேள்விதான். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அம்மா பேரு என்ன? அவ்ளோதான் கேக்குது," என்றார்.

"முன்னமும் அதே பேர்தான், பின்னமும் அதே பேர்தான். கலியாணம் கட்டினவுடனை பேரை மாத்த அவ என்ன வெள்ளைக்காரியே..."

அதோடு நிறுத்தினாள். வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குச் சொல்லாதீங்க ஆன்ட்டி," என்றார் அதிகாரி அவசரமாக. "நீங்களே டைப் பண்ணுங்க."

அவள் ஒற்றை விரலால் தட்டினாள். எழுத்துக்கூட்டலுக்காக அவள் யோசிக்கவில்லை. தாயாருக்கு அனுப்பிய விமானக் கடிதங்களின் முகப்பில் வருடக்கணக்காக எழுதிய பெயர் அது, ஒரே விதமாகத்தான் எழுதுவாள். ஒரு வட்டம் சுற்றியது. பச்சை வந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன், சமையற்கூடத் தலைவலையோடு நின்ற ஒருத்தி, கேள்வியைக் கேட்டபடியே புரிந்துகொண்டு, உண்மையைப் பதிலாகக் கொடுத்திருக்கிறாள். நான்தான் மூன்று நாளாக, யாரும் கேட்காத ஒரு மனிதரின் பெயருக்குப் பதினொரு எழுத்துக்கூட்டல் எழுதிக்கொண்டிருந்தவன். ரயிலில் வரும்போது அதை அவளிடம் சொன்னேன். "பேப்பரிலயும் இப்பிடித்தான் எழுதினனீங்களோ?" என்றாள்.

கிளையை விட்டு வருவதற்கு முன், அந்த ஸ்டூலில் இருந்தபடியே காஸ் கட்டணத்தைக் கட்டினாள். பதினொன்று ஐம்பத்திரண்டு. அதிகாரி, இந்தக் கேள்வி எல்லாவற்றையும் கொஞ்ச நாளில் எடுத்துவிடப் போகிறார்கள், இனி முகத்தைக் காட்டினால் திறக்கும் என்று ஆறுதலாகச் சொன்னார்.

"எந்த வயசு முகம்?" என்று கேட்டாள் என் மனைவி. அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே காலுக்கு மகன் வந்தான். மருமகளுக்குப் பகல் வேலை என்பதால் தனியாக வந்தான். சாப்பிட்டு முடியும்வரை படிவம் அவனுடைய பையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தவனிடம் அவள் கைபேசியைத் திறந்து நீட்டினாள்.

"பார். உள்ளுக்கு நிக்கிறன்."

"ஓ, கிரேட். எப்பிடி அம்மா? என்ன விடை?"

"ஆருக்கும் சொல்லாதேங்கோ எண்டு நீதானே சொன்னனீ."

அவன் சிரித்துவிட்டான். நானும். பிறகு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வேலையில் நாள் முழுக்க இப்படியான ஏமாற்றுகளைப் பார்க்கிறவன். அவனுடைய கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவரின் தாயார் இப்படி ஒரு செய்தியை நம்பி, வீட்டுக்கென்று சேர்த்ததை ஒரு பின்னேரத்தில் இழந்ததைச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இந்த முறை பேங்க் பிடிச்சிட்டுது. அடுத்த முறை பிடிக்காட்டி?"

"நான் இனித் தொடமாட்டன்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறவை, அம்மா."

"எனக்கு மூளை கெட்டுப்போச்சு எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை. பிளீஸ். எனக்கு வேலையில இருக்கேக்கை நெஞ்சு பக்கெண்டுது, அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிற மெஷின் ஓடி நின்றது. அவன் பையிலிருந்து எடுத்து வைத்த படிவத்தை அவள் என் பக்கம் தள்ளினாள். "சின்ன எழுத்தையும் வாசியுங்கோ," என்றாள்.

நான் வாசித்தேன். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, பார்க்கவும் பணம் செலுத்தவும். இரண்டாவது, பார்க்க மட்டும்.

"பாக்கிறது மட்டும் போதும்," என்றான் மகன் உடனே. "காசு ஒண்டும் தொடமாட்டன். வித்தியாசமா ஏதும் போனா எனக்கு அறிவித்தல் வரும். பில் எல்லாம் நீங்களே கட்டுங்கோ."

"நானே?"

"நீங்களேதான்."

"ஒருத்தரும் என்ர காசைத் தொடேலாது?"

"தொடேலாது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. பார்க்க மட்டும் என்றால் எதையெல்லாம் பார்க்கலாம் என்று நான் வாசித்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அவளுக்கு அது தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துவிட்டு, "பேனையைத் தாங்கோ," என்றாள். இரண்டாவது கட்டத்தில் சரி போட்டு, மூன்று பெயரையும் வங்கி விரும்பும் ஒழுங்கில் எழுதி, கையெழுத்து வைத்தாள். எழும்பிப் போய் அவன் கொண்டுபோகக் கறி கட்டத் தொடங்கினாள்.

படிவம் ஐந்து வேலை நாளில் நடைமுறைக்கு வந்தது.

முதலாம் திகதி காலை மின்சாரக் கட்டணத்தையும் தொலைபேசிக் கட்டணத்தையும் கைபேசியில் கட்டினாள். பிறகு வெளிக்கிட்டு, ஸ்டேஷன் பக்கத்து இயந்திரத்தில் தாளாகக் காசு எடுத்தாள். பத்து ஐம்பது ரயிலில் ஒரு தரிப்புத் தாண்டி வென்ட்வேர்த்வில்லில் இறங்கினாள். ஊருக்குக் காசு அனுப்பும் கடை ஒன்று அங்கே இருக்கிறது.